யார் வீட்டில் சாப்பிட்டீர்கள்? வேலூர்ச் சபை ஒன்றின் லெந்துகால உரையாடல்கள்

வேலூரில் ஒரு சபையில் 2023 லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், நடந்த உரையாடல்களைப் பற்றிய பதிவு இது. சபையின் பெயர் வேண்டாம், பேசியவர்களின் பெயரும் வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும். விசுவாசப் பயணம், இனநீதி இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசிப் பார்த்தோம். நம் சபைகளில் இவை வேறு வேறு நாளுக்கான நிகழ்ச்சிகள். சாட்சிக்கு, அதாவது தன் விசுவாசக் கதையைச் சபை முன் சொல்வதற்கு, கன்வென்ஷன் என்கிற பெரிய கூட்டம் இருக்கிறது, நீதிக்கு நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு இருக்கிறது. அந்த ஞாயிறு முடிந்தால் பேனரைச் சுருட்டி வெஸ்ட்ரியில் வைத்துவிடுவோம். சாட்சிக்குள்ளேயே நீதியின் கேள்வி இருக்கிறது, அதை வெளியே எடுத்துத் தனி நிகழ்ச்சியாக்குவதால்தான் இரண்டும் பிசுபிசுத்துப் போகின்றன என்பது என் எண்ணம். அந்த எண்ணத்துக்கு வரக் காரணமாக இருந்த சம்பவங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேச்சு அமெரிக்காவில் இருந்து ஆரம்பித்தது. எங்கள் சபைப் பையன் ஒருவன் மினியாபொலிஸில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃப்ளாய்டை ஒரு போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்றது அந்த ஊரில்தான். அதற்கப்புறம் உடன் வேலை செய்யும் ஒருவரோடு கறுப்பின மக்களின் சபை ஒன்றுக்கு அவன் போய்வர ஆரம்பித்திருக்கிறான். லீவில் வந்தபோது வாலிபர் கூட்டத்தில் அவனைப் பேசச் சொன்னார்கள். அவன் சொன்னதில் ஒன்று எல்லோருக்கும் மனதில் நின்றுவிட்டது. அங்கே ஒரு வயதான அம்மா சாட்சி சொல்ல எழுந்தால் தன் பாட்டனார் எந்தப் பண்ணையில் அடிமையாக இருந்தார் என்பதில் இருந்துதான் தொடங்குவாராம், இயேசு அதற்குப் பிறகுதான் கதைக்குள் வருவாராம். "நாம எல்லாரும் 'நான் ஒரு பாவியாக இருந்தேன்'னு ஆரம்பிக்கிறோம். எந்தத் தெருவுல பாவியா இருந்தோம்னு சொல்றதே இல்ல" என்றான்.

நிறைய பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காக உருக்கமாக ஒரு ஜெபமும் நடந்தது. கடைசி பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். காலனியில் இருக்கும் எங்கள் கிளைச் சபையைச் சேர்ந்தவர். "தம்பி, நல்லா சொன்னப்பா. அமெரிக்காவுக்கு ஜெபம் பண்ணிட்டோம். டவுன் கோயில்ல மாசத்துக்கு ரெண்டு தரம் திருவிருந்து. எங்க காலனி கோயிலுக்கு ஒரு தரம், அதுவும் ஐயருக்கு வேற வேலை இல்லாட்டிதான். அதுக்கு எப்போ ஜெபம் பண்ணலாம்?" என்றார். திருவிருந்து என்பது அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை, ஐயர் என்று அவர் சொன்னது எங்கள் ஆயரை. குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அன்றைக்குக் கூட்டம் அதோடு முடிந்துவிட்டது, யாரும் முடித்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த லெந்துவில் புதன்கிழமை மாலைகளில் ஒரு சின்னக் குழுவாக உட்காரலாம் என்று முடிவானது அந்தக் கேள்வியால்தான். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆசிரியர், எங்கள் ஆயர், நிலபுலன் உள்ள பழைய கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியம்மா, ஆங்கில ஆராதனைக்கு வரும் மிசோரம் செவிலியர், வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை சூப்பர்வைசர் ஒருவர், அப்புறம் நான் உட்பட இன்னும் சிலர். அமெரிக்கப் பையன் வாரா வாரம் வீடியோவில் வந்தான், அவனுக்கு அது காலை நேரம்.

இந்தப் பகுதியில் சபை எப்படி வேர்விட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நடந்தது புரியாது. வட ஆற்காட்டில் கத்தோலிக்கரும் உண்டு, ஆம்பூர் பக்கம் லுத்தரன்களும் உண்டு. ஆனால் வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் பெரும்பாலான புராட்டஸ்டண்டுகளின் கதை 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனில் போய் முட்டும். அனுப்பியது அமெரிக்காவின் டச்சு ரிஃபார்ம்டு சபை. பிறகு அதே குடும்பத்தில் வந்த ஐடா ஸ்கடர் 1900இல் ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். ஒரே இரவில் மூன்று பேர் பிரசவத்துக்கு உதவி கேட்டுக் கதவைத் தட்டிய கதை எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இந்த ஊரில் சாட்சி என்றாலே அந்த அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: ஒரு இரவு, ஒரு அழைப்பு, ஒரு கீழ்ப்படிதல்.

சபைப் பதிவேட்டில் உள்ள பெயர்களில் பெரும்பாலானவை வேறு மாதிரி வந்தவை. குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் சேரி முழுவதுமாக, பலர் தாது வருஷப் பஞ்சத்தை, அதாவது 1876 முதல் 78 வரை நடந்த பெரும்பஞ்சத்தை ஒட்டி வந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அவர்களைப் பற்றி ஏளனமாகப் பேசுவதை இன்றும் கேட்கலாம். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. யார் கையிலிருந்தும் நேராகக் கஞ்சி வாங்க முடியாமல் இருந்தவர்களுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றினால், அதில் அவர்கள் கடவுளைக் கண்டது ஏன் மட்டமான விசுவாசம் ஆக வேண்டும்?

முதல் புதன்கிழமை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லோரும் அவரவர் சாட்சியைச் சொன்னார்கள். கன்வென்ஷனில் தொடப்பட்டது, வியாதியில் சுகம் கிடைத்தது, குடியை விட்டது, பரீட்சையில் தேறியது. எல்லாம் உண்மை, எல்லாம் ஒரே சாயல். ஊர் இல்லை, தெரு இல்லை, சாதி இல்லை. ஆசிரியர்கூட அன்றைக்குத் தன் மனைவியின் ஆபரேஷனைப் பற்றித்தான் சொன்னார்.

இரண்டாம் வாரம் ஆயர் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைப் படித்தார். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதர் அல்லாதவர்களோடு, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமில் இருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். பவுல் முகத்துக்கு நேராக அவரைக் கண்டிக்கிறார். இதை வைத்துப் பொதுவாக ஒரு பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்தோம். ஆயர் பிரசங்கம் பண்ணவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க வேற சாதிக்காரர் வீட்டுல முதல் தடவை எப்போ சாப்பிட்டீங்க? அவங்க உங்க வீட்டுல எப்போ சாப்பிட்டாங்க? அந்த நேரத்துல உங்க விசுவாசம் எங்க இருந்தது?"

யாரும் வாய் திறக்காமல் கொஞ்ச நேரம் போனது. அப்புறம் ஆசிரியர் பேசினார்.

அவர் குடியாத்தம் பக்கத்துக் கிராமம். அறுபதுகளில் சின்னப் பையன். அப்பா கூலிக்குப் போன நிலம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துடையது. இரு வீட்டாரின் பெயரும் ஒரே சபைப் புத்தகத்தில் இருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையை அப்பா தோளில் சுமந்து கோயில் வாசல் வரை கொண்டுபோவார், ஏலம் விடும்போது நிலத்துக்காரர் பெயரைத்தான் வாசிப்பார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பின்வாசலில் நின்றால் கேக் கிடைக்கும். தாகம் என்றால் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாயோடு வைத்துக்கொள்ள வேண்டும், அந்த வீட்டம்மா செம்பில் இருந்து ஊற்றுவார். "செம்பு எவ்ளோ உசரத்துல இருக்கும்னு காட்டட்டா?" என்று எழுந்து நின்று கையைத் தன் நெற்றிக்கு மேலே ஒரு முழம் உயர்த்திக் காட்டினார். தண்ணீர் பாதி சட்டையில்தான் போகுமாம். "அந்த அம்மாதான் ஞாயிறு பள்ளியில எனக்கு இருபத்து மூணாம் சங்கீதம் சொல்லிக் குடுத்தாங்க. என் பாத்திரம் நிரம்பி வழிகிறதுன்னு ராகம் போட்டுச் சொல்லித் தருவாங்க. அவங்க சொல்லிக் குடுத்துதான் நான் விசுவாசி ஆனேன். இதையும் சொல்லணும், அதையும் சொல்லணும். இத்தனி வருஷமா நான் பாதியத்தான் சொல்லினு இருந்தேன்."

இதை ஒரு குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவர் நன்றியையும் காயத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். நன்றியைக் குறைக்கவில்லை, காயத்தை மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. சாதியை எதிர்த்துப் பேசுகிற மேடைகளில் அந்த அம்மா வெறும் வில்லியாக ஆகிவிடுவார், சாட்சி மேடைகளில் வெறும் விசுவாச வீராங்கனையாகிவிடுவார். புதன்கிழமை ஹாலில் இரண்டுமாக இருந்தார்.

பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "எங்க வீட்டுல சாதியே பேச மாட்டோம். எங்கப்பா அப்படிதான் வளர்த்தாரு" என்றார். மிசோரம் செவிலியர் மெதுவாக, தான் கற்றுக்கொண்ட தமிழில், "ஆன்ட்டி, பேசாம இருந்தா யாருக்கு முன்வாசல், யாருக்குப் பின்வாசல்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார், குத்திக் காட்டுகிற தொனி இல்லை. பெரியம்மா பைபிள் உறையின் ஜிப்பை மூடி, திறந்து, மறுபடி மூடினார். அடுத்த வாரம் வரவில்லை.

அந்த வாரம்தான் செவிலியரின் முறை. வேலூரில் வடகிழக்குக்காரர்கள் எவ்வளவு பேர் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்க, வேலைக்கு, சிகிச்சைக்கு என்று வருகிறார்கள், காந்தி ரோடு லாட்ஜ்களில் பாதி அவர்களாலும் வங்காளிகளாலும்தான் நிறைகிறது. மிசோ, நாகா, காசி மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அப்படியும் ஆட்டோ ஸ்டாண்டில், கடைத்தெருவில் அவரைப் பார்த்து "சைனாவா?" என்று கேட்பது வாடிக்கை, கொரோனா காலத்தில் அது இன்னும் மோசமானது. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ தனியா டெல்லியில் அடிபட்டு இறந்த பிறகுதான் வடகிழக்கு மக்களின் பிரச்சினைகளை ஆராய மத்திய அரசு பெஸ்பரூவா கமிட்டியை அமைத்தது. இனவெறி என்பது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற சமாச்சாரம் என்ற நினைப்பில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவர் கடைத்தெருவைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "அவங்களுக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்" என்றார். மூன்று வருடமாக எங்கள் சபைக்கு வருகிறார். பாட்டுக் குழுவில் இருக்கிறார், எல்லோரும் குரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஒருவர்கூட வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து ஹாஸ்டலுக்குப் போய் நூடுல்ஸ் செய்து சாப்பிட்டிருக்கிறார்.

அப்புறம் தன் மக்களைப் பற்றியும் சொன்னார், அதுதான் குழுவைத் திருப்பிப் போட்டது. 1894இல் மிஷனரிகள் மிசோ மலைக்கு வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் தலைவர்கள் வீட்டில் ஒருவகை அடிமைமுறை இருந்தது. வேல்ஸ் நாட்டு மிஷனரி மருத்துவர் பீட்டர் ஃப்ரேசர் அதை எதிர்த்தார். பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு அது பிடிக்காமல் போய் அவர் மலையை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. "எங்க பாட்டியோட அம்மா அப்படிப்பட்ட வீட்டுல இருந்தவங்க. வச்சிருந்த பக்கம் இல்ல, இருந்த பக்கம். வீட்டுல இத யாரும் சொல்ல மாட்டாங்க, எனக்கே பெரியவளான அப்புறம்தான் தெரியும். சாட்சியில இது வரை சொன்னதில்ல." சொல்லிவிட்டு ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் தலையை ஆட்டினார். தன் கதையின் கூடப்பிறந்த கதை இவ்வளவு தூரத்து மலையில் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

குழு நடத்துகிறவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். யார் கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர் என்ற போட்டி இப்படிப்பட்ட கூட்டங்களில் சீக்கிரம் வந்துவிடும். எங்களுக்கு வரவில்லை. கேள்வி சின்னதாக, கையால் தொடக்கூடியதாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். "இனவெறியை நீங்கள் எப்படி அனுபவித்தீர்கள்" என்று கேட்டிருந்தால் ஆளுக்கு ஒரு பிரசங்கம் கிடைத்திருக்கும். எங்கே உட்கார்ந்தீர்கள், எதில் குடித்தீர்கள் என்று கேட்டதால் செம்பும் நூடுல்ஸும் கிடைத்தன.

செல்போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை தேடிக்கொண்டிருந்த பெண் முதல் மூன்று வாரமும் வாயே திறக்கவில்லை. சாட்சிக்கு மட்டும் "கர்த்தர் நல்லவர்" என்று ஒரு வரி சொன்னாள். பிறகு ஆயரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள்: சான்றிதழில் அவள் இந்து ஆதிதிராவிடர், ஞானஸ்நானப் பெயர் வேறு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அந்தப் பட்டியலில் போட்டி வேறு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. ஞானஸ்நானம் வாங்கினால் சாதிக் கொடுமை ஓய்ந்துவிடும் என்று சட்டம் நம்புகிறது. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பார்த்தால் அந்த நம்பிக்கை ஒரு மணி நேரம்கூட நிற்காது.

மைக்கைப் பிடித்துத் தன் விசுவாசத்தைச் சொல்வது அவளுக்கு வேலையைப் பணயம் வைப்பது மாதிரி. இவளைப்போல் நூற்றுக்கணக்கான பேர் எங்கள் பக்கத்து ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். "இயேசுவை அறிக்கை பண்ண வெட்கப்படாதே" என்று மேடையில் இருந்து அவர்களை அதட்டுகிற பிரசங்கிமாரை இனிமேல் என்னால் பொறுமையாகக் கேட்க முடியாது. நாங்கள் அன்றிலிருந்து போன்களை ஹால் வாசலில் ஒரு கூடையில் போட்டோம், படம் இல்லை, வாட்ஸப் இல்லை, குறிப்பில் பெயர் இல்லை. அமெரிக்கப் பையனுக்கு ஒரே ஒரு லேப்டாப், அதிலும் ரெக்கார்டிங் கிடையாது. நான்காம் வாரம் அவள் பேசினாள். அவள் சொன்னதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

பெரியம்மா திரும்பி வந்ததும் அதே வாரம்தான். அவர் இல்லாத வாரத்தில் ஆயர் தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் பேசியிருந்தார். அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இந்த ஊருக்கும் அதற்கும் நேரடி உறவு இருக்கிறது. 1857இல், அதாவது ஆற்காடு மிஷன் தொடங்கி நான்கே வருடத்தில், தென்னாப்பிரிக்க டச்சு ரிஃபார்ம்டு சபையின் பேரவையான சினட் ஒரு தீர்மானம் போட்டது. எல்லோரும் சேர்ந்து ஆராதிப்பதே வேதத்தின்படி சரி, ஆனாலும் சிலருடைய பலவீனத்தின் நிமித்தம் வெள்ளையர் அல்லாதவர்கள் தனியாகக் கூடலாம். 1881இல் அவர்களுக்கென்று தனிச் சபையே உண்டாக்கிவிட்டார்கள். அந்தத் தனிச் சபைதான் 1982இல் பெல்ஹார் அறிக்கையை எழுதி 1986இல் ஏற்றுக்கொண்டது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி மூன்றும் சுவிசேஷத்தின் உயிர், கடவுள் ஒடுக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்கிறவர் என்று சொல்லும் அறிக்கை அது. 2010இல் அதைத் தன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது அமெரிக்க ரிஃபார்ம்டு சபை, ஸ்கடர்களை எங்கள் ஊருக்கு அனுப்பிய அதே சபை.

சிலருடைய பலவீனம் என்ற அந்தச் சாக்கு தமிழ்நாட்டுச் சபைக்குப் புதிது இல்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர் மிஷன் கோயில்களில் சாதிவாரியாக உட்காருவதைப் பல காலம் பொறுத்துக்கொண்டார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியை உடனே விட்டொழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியதும் வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். மதுரையில் அமெரிக்க மிஷன் 1840களில் அன்பின் விருந்து என்று வைத்து, சேர்ந்து சாப்பிட மாட்டேன் என்கிற உபதேசிமாரை வேலையில் இருந்து நீக்கியது. அதாவது எங்கள் ஆயர் கேட்ட கேள்வி அந்தக் காலத்திலேயே கேட்டதுதான். நடுவில் கேட்பதை விட்டுவிட்டோம்.

பெரியம்மா அன்றைக்கு யாரும் கேட்காமலே ஆரம்பித்தார். நாற்பது வருடமாக அவர் சொல்லும் சாட்சி எல்லோருக்கும் தெரியும்: கல்லூரி நாளில் ஒரு கூட்டத்தில் தன்னை ஒப்புக்கொடுத்தது. அந்தச் சாட்சியில் இல்லாத ஒன்றைச் சொன்னார். அதே கல்லூரி விடுதியில் அவருடைய அறைத்தோழி காலனியில் இருந்து வந்த பெண். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், சேர்ந்து ஜெபிப்பார்கள். கூட்டத்துக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனதே அந்தப் பெண்தான். லீவுக்கு வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னபோது, "கல்யாணம் ஆகற வரைக்கும் இத யாருகிட்டயும் சொல்லாதடி" என்று அம்மா சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு அந்தப் பெண்ணுக்குப் பத்திரிகை போகவில்லை. "கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு. இன்னும் சொல்லாமலேதான் இருந்திருக்கேன்" என்றார். ஆசிரியர் பக்கம் திரும்பி, "சார், எங்க வீட்டுலயும் செம்பு அந்த உசரத்துலதான் இருந்தது" என்றார்.

கடைசி வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காட்பாடியில் ரயிலேறித் திருப்பத்தூர் போனோம், கிறிஸ்துகுல ஆசிரமத்துக்கு. வட ஆற்காட்டில் இனநீதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏன் இதை முதலில் சொல்வதில்லை என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். சவரிராயன் யேசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் பிரிட்டனில் நண்பர்களாகி, 1921இல் இங்கே தொடங்கியது. வெள்ளைக்கார மிஷனரி பங்களாவிலும் இந்திய ஊழியர் குடிசையிலும் இருந்த காலம் அது, சம்பளத்தில் இருந்து சாப்பாட்டு மேசை வரை எல்லாம் இரண்டு. இவர்கள் இரண்டு பேரும் கதர் உடுத்தி, ஒரே கூரையின் கீழ், ஒரே சாப்பாட்டைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு யேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். தமிழர் பெரியவர், வெள்ளைக்காரர் சின்னவர். 1932இல் சென்னையில் அந்நியத் துணிக் கடை மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்றிருந்த பேட்டனைப் போலீஸ் அடித்தது.

கோபுரம் வைத்த அந்த ஜெபாலயத்தில் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தோம். தோல் தொழிற்சாலை சூப்பர்வைசர், அதுவரை அதிகம் பேசாதவர், ஒன்று கேட்டார்: "வெள்ளைக்காரரும் தமிழரும் ஒண்ணா சாப்ட்டாங்க, சரி. அத எல்லாரும் பெருமையா பேசறோம். ஊரும் காலனியும் ஒண்ணா சாப்ட்டா மட்டும் ஏன் அதுக்கு ஆசிரமம் கட்ட வேண்டியிருக்கு?" வரும்போது ரயில் வாணியம்பாடியைக் கடந்தது. 2019 ஆகஸ்டில் அங்கே நாராயணபுரத்தில், வயல் வழியாகப் போக வழிவிடாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆசிரியர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி அதை அமெரிக்கப் பையனுக்கு போனில் சொல்லிக்கொண்டே வந்தார்.

என்ன மாறியது என்று கேட்பார்கள். காலனிக் கோயிலில் இப்போது மாதம் இரண்டு தரம் திருவிருந்து, டவுனில் இருப்பதுபோலவே. ஆயர் வர முடியாத வாரம் டவுன் ஆராதனை தள்ளிப்போகுமே ஒழிய காலனி தள்ளிப்போகாது என்று சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியில் எழுதி வைத்தாயிற்று. அறுப்பின் பண்டிகைச் சமையலை அந்த வருடம் காலனிப் பெண்கள் பொறுப்பெடுத்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே பந்தி. சில குடும்பங்கள் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. வராதவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு முன்னால் அது தெரிந்திருக்காது. செவிலியர் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டில் சாப்பிட்டார், ஒன்று பெரியம்மா வீடு. பெரியம்மா தன் அறைத்தோழியைத் தேடிக்கொண்டிருக்கிறார். இன்னும் கிடைக்கவில்லை.

இதெல்லாம் போதாது என்பதும் தெரியும். ஒரே குழுவில் ஐந்தாறு வாரம் பேசியதை வைத்துச் சபை திருந்திவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். கமிட்டியில் திருவிருந்துத் தீர்மானத்தை முன்மொழிந்தது பெரியம்மா. அதற்கு முன்னால் காலனிக்காரர்கள் அதே கோரிக்கையை எத்தனையோ தடவை மனுவாகக் கொடுத்திருக்கிறார்கள், கோப்பில் இருக்கின்றன. மனு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கமிட்டியில் இருந்தவர்களுக்கு அது காலனியின் பிரச்சினை. தன் சாட்சியில் தானே மறைத்த ஆளை ஒருவர் திரும்பச் சேர்த்துக்கொண்ட பிறகு அது அவருடைய இரட்சிப்பின் பிரச்சினை ஆகிவிட்டது. பாதிக்கப்பட்டவர்களை மட்டும் திரும்பத் திரும்பப் பேச வைத்து நாம் அழுது கலைவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. செம்பை உயர்த்திப் பிடித்த வீட்டாரின் விசுவாசக் கதையையும் முழுதாகக் கேட்க வேண்டும், அவர்களே வாயால் சொல்ல வேண்டும்.

தோற்ற இடமும் உண்டு. எங்கள் சபையில் கிறிஸ்தவ வரன்களுக்கான படிவம் ஒன்று இருக்கிறது. அதில் பெயர், வயது, படிப்பு, ஞானஸ்நானம் பெற்ற தேதி, அப்புறம் சாதி, அதற்கடுத்து நிறம். சாதி, நிறம் இரண்டு கட்டத்தையும் எடுத்துவிடலாம் என்று குழு கேட்டது. திருவிருந்துக்குக் கை தூக்கியவர்களில் பலர் இதற்குத் தூக்கவில்லை. "எடுத்துட்டா யாரும் படிவமே நிரப்ப மாட்டாங்க" என்றார் ஒரு உறுப்பினர். காலனியில் இருந்து வந்த உறுப்பினர் ஒருவரும் அதற்கு ஒத்துப்போனார், தன் பெண்ணுக்கு வரன் தேடுகிறவர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது, மறுபடி வைத்தபோதும் தள்ளிவைக்கப்பட்டது. வேலை தேடிக்கொண்டிருந்த அந்தப் பெண் இப்போது வாலிபர் சங்கச் செயலாளர். படிவத்தை அச்சடிப்பது வாலிபர் சங்கத்தின் பொறுப்பு. அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது அந்த இரண்டு கட்டமும் இல்லாமல்தான் அனுப்புவேன், வேண்டுமென்றால் கமிட்டி என்னைக் கூப்பிட்டுக் கேட்கட்டும் என்று சொல்லியிருக்கிறாள். கேட்கும் நாளில் கூட உட்கார ஆசிரியரும் பெரியம்மாவும் நானும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.